ஊற்றடி மரத்துக்கு யார் பிணை

இலையை நடு நரம்போடு மடிக்கிறேன், ஒரு பாதி மறு பாதியின் மேல் மெத்தென்று படுக்கிறது, இந்தப் பக்கம் பார்க்கிறேன், மஞ்சள் நரம்பை ஒட்டித் திட்டாக நிற்கிறது, திருப்பி அந்தப் பக்கம் பார்க்கிறேன், அங்கே மஞ்சள் வேறு இடத்தில், ஓரத்தில், சிந்திய மோர் போல ஓடியிருக்கிறது, ஒத்துப்போகவில்லை, நான் மடித்ததுதான் கோணலோ என்று விரித்து மறுபடி மடிக்கிறேன், பனிமூட்டத்துக்குள் எல்லாம் குளிர்ந்து கிடக்க கமலா ஆரஞ்சு இலையின் வாசம் மட்டும் சூடாக இருக்கிறது, பக்கத்தில் தோட்டக்கலை ஆபீஸிலிருந்து வந்த அம்மா குடையை உதறிக்கொண்டே சொல்கிறாள், ரெண்டு பாதியும் ஒண்ணு போல மஞ்சளா இருந்தா மரத்துக்குப் பசிம்மா, சத்து வச்சாச் சரியாயிரும், ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம இருந்தா அது நோய், அதுக்கு மருந்தே கிடையாது, மரத்த அடியோட வெட்டி எரிச்சிருங்க, கடுகு மாதிரி ஒரு பூச்சி இதுல குடிச்சிட்டுப் போயி அடுத்த மரத்துல உக்காரும், ஒரு மரத்துக்கு இரக்கப்பட்டீங்கன்னா தோட்டமே போயிரும். நான் இலையைச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டு தலையாட்டினேன், என் வீட்டுக்காரர் நாச்சப்பன் மட்டும் சிரித்தார், வெட்டுறதுக்கு இது சும்மா மரம் இல்ல தாயி, இதுல எம்பொண்டாட்டி உசுரு இருக்கு, இத வெட்டிட்டா எனக்கு யாரு கஞ்சி காச்சி ஊத்துறது, என்றார், அந்த அம்மாவும் விளையாட்டென்று நினைத்துச் சிரித்துவிட்டுக் குடையோடு மூட்டத்துக்குள் இறங்கிப் போனாள், அவர் சிரித்தபோது முகத்தின் இரண்டு பக்கமும் சேர்ந்தே சிரித்தன, வலது கன்னத்துக் குழியும் இடது கன்னத்துக் குழியும் ஒரே நேரத்தில் விழுந்தன, அதைத்தான் இன்றைக்கும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

உசுரு இருக்கு என்று அவர் சொன்னது என்னவென்று உங்களுக்குத் தெரிய வழியில்லை, கண்ணுகளா, கிட்ட வந்து உட்காருங்கள், இது உங்களைப் பயமுறுத்துகிற கதை இல்லை, நான் பயந்த கதை, கேட்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் சாரக்கொம்பில், கீழ்ப்பழனி மலையின் அந்தச் சரிவில், காப்பிச் செடிக்கு நடுவே ஆளுக்குக் கொஞ்சம் கமலா மரம் வைத்துப் பிழைக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, தையில் பழம் பறித்து முடித்ததும் காய்க்காமல் ஏமாற்றிய மரத்தை மிரட்டுவார்கள், வீட்டுப் பெரியவர் கோடாலியை ஓங்கிக்கொண்டு, காய்க்காத மரம், வெட்டப் போறேன், யாரு பிணை, என்று மலைக்குக் கேட்கிற மாதிரி கத்துவார், வீட்டாள் ஒருவர் செம்புத் தண்ணீரோடு குறுக்கே வந்து, வெட்டாதீங்க, வர்ற வருசம் காய்க்கும், அதுக்கு நான் பிணை, என்று கெஞ்ச வேண்டும், கோபம் ஆறினதுபோல அவர் பட்டையில் லேசாக ஒரு கொத்து வைப்பார், தண்ணீரை வேரில் ஊற்றிவிட்டு எல்லோரும் கருப்பட்டிப் பொங்கல் தின்பார்கள், அவ்வளவுதான், பழைய ஆட்கள் கெஞ்சினால் மரத்துக்குப் பொய் தெரிந்துவிடும் என்று வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களைத்தான் பிணைக்கு நிறுத்துவார்கள். நான் கீழே நிலக்கோட்டைப் பக்கத்துப் பூக்காட்டில் மல்லிகை எடுத்து வளர்ந்தவள், பொதிக்குதிரைகளுக்குப் பின்னால் நடந்து இந்த மலைக்கு வாழ வந்தவள், இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன் புள்ள, என்று இவர் பிறகு சொன்னார், அன்றைக்குச் செம்பைக் கையில் கொடுத்து, போ, மரத்துக்காக ஒரு வார்த்தை கேளு, என்று முதுகில் தள்ளியதுதான் தெரியும், மூட்டம் விலகுகிறது, ஊற்றுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிற அந்த மரத்தின் முன்னால் என் மாமனார் கோடாலியை ஓங்கிக்கொண்டு நிற்கிறார், வருசம் முழுக்க வாய் திறக்காத மனுசன், அந்த ஒரு நாள் மட்டும் கூத்தாடி, கண்ணைச் சிவக்க வைத்துக்கொள்வார், கழுத்து நரம்பைப் புடைக்க வைத்துக்கொள்வார், யாரு பிணை, என்கிறார், நிஜமாகவே வெட்டப்போகிறார் என்று நினைத்தேன், இந்த வீட்டில் காய்க்காததை வெட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன், செம்பு உருண்டு ஓடையில் விழுந்தது, ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டேன், முள் கன்னத்தைக் கிழித்தது, மரத்த விட்டுருங்க மாமா, என்னைய வெட்டுங்க, என்று கத்தினேன்.

யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. என் கொழுந்தன் சடையாண்டி, அப்போது மீசை அரும்பாத பயல், அவன் மட்டும், மதினி நம்ம அய்யாவக் கொலைகாரன்னு நெனச்சிருச்சுடோய், என்று சிரித்தான், சிரிப்பு அவனோடேயே நின்றுபோனது, மாமியார் என் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள், அந்தக் கையில் கருப்பட்டிப் பிசுக்கு இருந்தது, அடி இவளே, காய்க்கும்னு சொன்னா காய்தான்டி பிணை, நீ உன்னையவே சொல்லிட்டியே, என்றாள், மாமனார் ஓங்கிய கோடாலியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார், கொத்து வைக்கவே இல்லை, இனி இந்த மரத்துல இரும்பு படக்கூடாது, என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார், அன்றைக்குப் பொங்கல் ஆறிப்போய்க் கிடந்தது. அடுத்த வருசம் அந்த மரம் கிளை தாங்காமல் காய்த்தது, அதற்கடுத்த வருசமும் காய்த்தது, தோலைத் தொட்டாலே கழன்று வருகிற பழம், சுளை பிரித்தால் வீடு மணக்கும், ஊரில் அதை மதினி மரம் என்றார்கள், சடையாண்டி வளர்ந்து கல்யாணம் கட்டிக் கீழ்த்தோட்டத்தைப் பிரித்துக்கொண்டு போன பிறகும் ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டு, மதினி இந்த வருசம் கொஞ்சம் புளிக்கிறீங்க, அண்ணன்கூடச் சண்டையா, என்று கேட்காமல் போகமாட்டான், மற்ற மரங்களில் காம்பைக் கத்தரியால் நறுக்குவோம், அந்த ஒரு மரத்தில் மட்டும் கையால் திருகித்தான் எடுப்போம், எனக்குக் காய்ச்சல் வந்தால் இவர் முதலில் ஓடிப்போய் மரத்தைப் பார்ப்பார், கோடையில் மரம் வாடினால் எனக்கு முட்டை அவித்துத் தருவார், நான் சிரிப்பேன், முட்டையைத் தின்பேன், அடியில் எங்கேயோ ஒரு குளிர் இருக்கும், ஊற்றில் கைவிட்டால் மேலே வெதுவெதுப்பாகவும் ஆழத்தில் சில்லென்றும் இருக்குமே, அந்த மாதிரி.

அந்தக் குளிர் மேலே வந்தது இலையை மடித்த அன்றைக்குத்தான். பச்சை மரத்தில் ஒரே ஒரு கொப்பு மஞ்சளாக, யாரோ விளக்கைக் கொளுத்தி அங்கே மட்டும் வைத்துவிட்டுப் போன மாதிரி, இவர் அது துத்தநாகக் குறை என்றார், சத்துமருந்து வாங்கி வந்து கைத்தெளிப்பானால் அடித்தார், நான் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் போவேன், ஒரு இலை கிள்ளுவேன், மடிப்பேன், ஒத்துப்போகாது, அடுத்த கொப்பில் கிள்ளுவேன், கிள்ளிய இலையைக் கீழே போடப் பயம், முந்தானையில் முடிந்துகொண்டு வந்து அடுப்பில் போடுவேன், எரிகிறபோது எண்ணெய் வெடிக்கிற சத்தம் கேட்கும், மத்தியானம் கண்ணயர்ந்தால் செத்துப்போன மாமனார் வருவார், கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு ஊற்றடியில் உட்கார்ந்திருப்பார், யாரு பிணை, என்று கேட்கமாட்டார், அதுதான் பயம், கேட்டால் பதில் சொல்லலாம், அவர் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார், விழித்தால் கன்னத்தில் பழைய முள் கிழித்த இடம் எரியும், தடவிப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. சடையாண்டி ஒருநாள் வரப்பில் நின்று, மதினி, அந்த ஆபீசரம்மா எந்தோட்டத்துக்கும் வந்துச்சு, நோய் மேல இருந்துதான் எறங்கும்னு சொல்லுச்சு, என்றான், அதற்கு மேல் சொல்லாமல் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான், வெட்டுங்கள் என்று சொல்ல வந்தவன், எதை வெட்டச் சொல்கிறோம் என்று அவனுக்கும் தெரியும், நான் பார்க்கலாம் என்றேன், எதைப் பார்க்கலாம் என்று நானும் சொல்லவில்லை.

ஆடி மாதம் மரம் பூத்தது. கண்ணுகளா, கமலா பூப்பது மாசியில், பங்குனியில், கோடை மழை ஒன்று விழுந்து மண் புழுங்கும்போது, ஆடியில் காற்றுதான் அடிக்கும், அந்தக் காற்றில் வேறு எந்த மரத்திலும் ஒரு மொட்டு இல்லாதபோது ஊற்றடி மரம் மட்டும் இலை தெரியாமல் வெள்ளையாக நின்றது, தேனீ இரைச்சல் வீடு வரைக்கும் கேட்டது, வாசம் காப்பியில் இறங்கியது, சோற்றில் இறங்கியது, நாச்சப்பன் ஒரு கொத்துப் பூவைக் கொண்டுவந்து என் தலையில் வைத்துவிட்டு, பாத்தியா, பாத்தியா, நோயாம் நோயி, என்று குழந்தை மாதிரி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார், ஊரே வந்து பார்த்தது, சத்துமருந்து வேலை செய்கிறது என்றார்கள் சிலர், மிரட்டாமலே பயந்துவிட்டது என்றார்கள் சிலர், சடையாண்டி நிமிர்ந்து பார்த்து, பூத்து நிக்கிற மரத்த எவனாச்சும் வெட்டுவானா, நல்லவேளை மதினி, நான் வாய விட இருந்தேன், என்று நெஞ்சைத் தடவிக்கொண்டான், சாகப்போகிற மரம் கையில் இருப்பதையெல்லாம் ஒரே தடவையில் கொட்டிவிட்டுப் போகும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, மிரட்டிக் காய்க்கவைத்துப் பழகியவர்கள் நாங்கள், பூ என்றால் மரம் சம்மதித்துவிட்டது என்றுதான் எங்களுக்கு அர்த்தம், இவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தில் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது, கொடுக்கல் வாங்கல் சுமுகமாக முடிந்தவர் முகம், எனக்கு அப்போது புரியவில்லை, நான் தலையில் இருந்த பூவை எடுத்துப் பார்த்தேன், பயமாக இருந்தது, ஆடியில் பூத்த பூவை எங்கே வைப்பது.

பூ பிஞ்சானது, பிஞ்சு காயாகும்போது ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சூம்பிப்போனது, பழம் எல்லாம் அடியிலிருந்து பழுத்து வரும், இது காம்புப் பக்கம் மட்டும் நிறம் பிடித்து அடி பச்சையாகவே நின்றது, ஒன்றைப் பிட்டேன், ஒரு பக்கச் சுளை விரல் பருமன், மறுபக்கச் சுளை நூல், விதை கறுத்து உமி போல, நாக்கில் வைத்தால் வேப்பெண்ணெய்க் கசப்பு, நான் துப்பினேன், இவர் ஒரு முழுப் பழத்தையும் முகம் கோணாமல் தின்றார், நல்லாத்தான் இருக்கு, மழைச் சாரல்ல இப்படித்தான் இருக்கும், என்றார், எதற்கு அப்படித் தின்றார், யாருக்குப் பயந்து தின்றார், கார்த்திகைச் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் அந்த மரத்தடியில்தான் நின்றார், விழுந்த பழங்களைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தார், நான் கொஞ்சம் தள்ளிக் காப்பிச் செடிக்குள் இருந்தேன், இந்தா புள்ள, என்றார், ஏன், என்றேன், அடுத்த வார்த்தை வரவில்லை, வந்தது வார்த்தையாக இல்லை, கூடை சாய்ந்து கோணல் பழங்கள் சரிவில் உருண்டு என் காலடிக்கு வந்தன, நான் ஓடினேன், மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முகத்தைத் திருப்பினார், இடது பக்கம் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தது, வலது பக்கம் யாரையும் பார்க்கவில்லை, வாய்க்கோடி இறங்கி எச்சில் வழிந்தது, நடுவில் மூக்கு, நரம்பு மாதிரி, இரண்டு பாதியும் ஒத்துப்போகவில்லை.

கம்பளியைக் கம்பில் தூளியாகக் கட்டி அதில் அவரைப் போட்டு ரோட்டுக்கு இறக்கினார்கள், முன் கம்பு சடையாண்டி தோளில், அண்ணே தூங்காத, அண்ணே எங்கிட்ட வாங்குன மண்வெட்டிய எப்பக் குடுப்ப, சொல்லுண்ணே, என்று வழி நெடுகப் பேசிக்கொண்டே போனான், பேச்சை நிறுத்தினால் அண்ணன் நின்றுவிடுவான் என்ற மாதிரி, ஜீப், பிறகு ஆசுபத்திரி, மருந்து வாசத்துக்கு நடுவே ஆடி மாதத்துப் பூவாசம் எனக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது, பக்கத்துக் கட்டில்காரியிடம் உனக்கு வருகிறதா என்று கேட்டேன், அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள், டாக்டர், இந்த மட்டுக்கும் பொழச்சாரு, இன்னொரு தரம் வராமப் பாத்துக்கங்கம்மா, வந்தாக் கஷ்டம், என்றார், இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று அந்த வார்த்தை மலை ஏறுகிற வண்டி முழுக்க வளைவுக்கு வளைவு என் மடியில் இடித்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் கையைக் காட்டிக் கட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னார், அங்கிருந்து பார்த்தால் ஊற்றடி மரம் தெரியும், பாதி மஞ்சளாகிவிட்டிருந்தது, உச்சிக்கொம்புகள் மொட்டையாகிக் கிடந்தன, நான் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அதைப் பார்ப்பேன், புரிந்துவிட்டது என்று நினைத்தேன், என்னை வெட்டு என்று வாயால் சொன்னவள் நான், எடுத்துக்கொள்ள வேண்டியது என்னை, நான் முட்டை தின்று, பூ வைத்து, மகளைக் கட்டிக்கொடுத்து, நன்றாக இருந்துகொண்டே இருந்தேன், அது பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைக் கடித்துவிட்டது, இன்னொரு தரம் கடிப்பதற்குள் நான் போய்விட வேண்டும்.

கீழ்த்தோட்டத்துக்கு இறங்கினேன், சடையாண்டி தன் மேலோர மரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், கிட்டப் போனால் அவன் கையிலும் ஒரு இலை, மடித்து, விரித்து, மடித்து, என்னைக் கண்டதும் பின்னால் மறைத்தான், காட்டு, என்றேன், காட்டினான், ஒத்துப்போகவில்லை, ஒரு கொப்புதான் மதினி, என்றான், மூணு பொட்டப்புள்ளைய வச்சிருக்கேன், இந்த மரங்கள நம்பித்தான் வச்சிருக்கேன், என்றான், நான் சொன்னேன், காலையில கோடாலியோட வா, ஊற்றடி மரத்த எறக்கிரு. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான், ஒங்களுக்குப் பயமா இல்லையா, என்றான், எனக்கென்னடா, இருந்தது போதும், ஒங்கண்ணனுக்கு நேரத்துக்குக் கஞ்சி ஊத்த மட்டும் ஒம்பொண்டாட்டிகிட்டச் சொல்லிரு, ரொம்பச் சூடா ஊத்தவேணாம், வலது பக்கம் அவருக்குச் சுடுறது தெரியாது, என்றேன், சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது. அவன் அப்படியே கல்லில் உட்கார்ந்தான், முகம் சாம்பலாகிவிட்டது, முடியாது மதினி, என்றான், நீதானடா வெட்டணும் வெட்டணும்னு வரப்புல வந்து நின்ன, என்றேன், அப்ப அது ஒங்க உசுருன்னு நெனச்சேன் மதினி, என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான், கோபிக்காதீங்க, அது இப்ப ஒங்களுது இல்ல, அண்ணன் மாத்திருச்சு, என்றான். ஆபீசரம்மா வந்துவிட்டுப் போன சாயங்காலம், இவன் கீழே வாழைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தானாம், அண்ணன் ஒரு செம்போட வந்துச்சு மதினி, சுத்தும் முத்தும் பாத்துச்சு, ஒதுங்க வருதுன்னு நெனச்சு நான் வாழைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன், அது மரத்தக் கையால தட்டி, இந்தாரு, அவ சின்னப்புள்ள, தெரியாமச் சொல்லிட்டா, அந்தப் பேச்ச விட்டுரு, இனி நான் பிணை, எதுன்னாலும் எங்கிட்டக் கேளு, அப்படின்னு சொல்லித் தண்ணிய ஊத்திட்டுப் போச்சு, நான் வீட்ல வந்து சொல்லிச் சிரிச்சேன் மதினி, எங்கண்ணன் மரத்தோட பேசுதுன்னு சிரிச்சேன், அது விழுந்த பெறகுதான் எனக்கு ஒறச்சுச்சு. அவன் கோடாலி எடுக்கிற கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், இப்ப அது எங்கண்ணன் கழுத்து.

ஆடியில் பூத்த பூ இப்போது புரிந்தது. அவர் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தது புரிந்தது, கசப்பை முகம் கோணாமல் தின்றது புரிந்தது, பேரன் எடுக்கிற வயசில் என்னைச் சின்னப்புள்ள என்று ஒரு மரத்திடம் சொல்லியிருக்கிறார், அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது, அதுவரை வந்த பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி, மரத்தை வெட்டினால் அவர், வெட்டாவிட்டால் சடையாண்டி தோட்டம், அதற்குக் கீழே இன்னொருவர் தோட்டம், அப்படியே மலை இறங்கிப் போகும், ஊரில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, அவரைப் பார்க்க மலைவாழைப்பழத்தோடு வருவார்கள், உட்காருவார்கள், போகும்போது ஜன்னல் வழியாக ஒரு தடவை மரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் போவார்கள், நான் ஒரு நாளைக்கு இரண்டு இலை மடிப்பேன், ஒன்று மரத்தில், ஒன்று அவர் முகத்தில், மூக்கோடு என் கையை நிறுத்தி இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நேற்றைக்கு இன்றைக்கு வாய் இன்னும் இறங்கியிருக்கிறதா, கண் இன்னும் சொருகியிருக்கிறதா, அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் இடது கையை நீட்டினார், எ…லை, என்றார், நான் எந்த இலை என்று கேட்டேன், முந்தானையைத் தொட்டார், முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன், ஒரு கையால் அவருக்கு மடிக்க வரவில்லை, நெஞ்சில் வைத்து அழுத்திப் பார்த்தார், நான் மடித்துக் காட்டினேன், வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார், பிறகு தன் கன்னத்தைத் தொட்டு, நா…னும், என்று பாதி முகத்தால் சிரித்தார், வெட்டு, என்றார், அந்த வார்த்தை மட்டும் எப்படித்தான் அவ்வளவு சுத்தமாக வந்ததோ. நான் மாட்டேன் என்றேன், நீங்க செம்பெடுத்துக்கிட்டுப் போனது எனக்குத் தெரியும் என்றேன், கண்ணை மூடிக்கொண்டார், திருடன் அகப்பட்ட மாதிரி, அப்புறம் திறந்து, ச…டையன் புள்ளைக, என்றார், என் நெஞ்சைக் காட்டினார், தன் நெஞ்சைக் காட்டினார், இடது கை விரலை உதட்டில் வைத்தார், புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது, கோடாலி ஓங்கும்போது யாரு பிணை என்று கேட்பார்கள் அல்லவா, அப்போது யாரும் வாய் திறக்கக் கூடாது, பிணை இல்லாத மரம் யாருடைய உசுரும் இல்லை, வெறும் மரம், நீ பேசாமல் இருந்தால் நானும் பேசாமல் இருப்பேன் என்கிறார், சத்தியமா, என்றேன், நீ, என்றார், அவருக்கு என்மேல் நம்பிக்கை இல்லை, எனக்கும் அவர்மேல் இல்லை.

விடிந்து மூட்டம் கொஞ்சம் உயர்ந்ததும் கட்டிலோடு அவரைத் தூக்கி ஊற்றடியில் வைத்தார்கள், நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன், சடையாண்டி குளித்துவிட்டு வந்திருந்தான், தலையில் தண்ணீர் சொட்டியது, கோடாலியைத் தூக்கினான், அவனுடைய அய்யா நின்ற அதே இடம், அதே மாதிரி கழுத்து நரம்பு, ஆனால் இது கூத்து இல்லை, காய்க்காத மரம், என்று தொடங்கினான், குரல் உடைந்தது, காறித் துப்பிவிட்டு மறுபடி தொடங்கினான், காய்க்காத மரம், வெட்டப் போறேன், யாரு பிணை. மலை கேட்டுக்கொண்டிருந்தது, ஊற்றுச் சத்தம் நின்றுவிட்ட மாதிரி இருந்தது, என் தொண்டையில் அந்தப் பழைய சத்தம் ஏறுகிறது, மரத்த விட்டுருங்க, அது என்னைக் கேட்காமலே ஏறுகிறது, பக்கத்தில் அவர் உதடும் அசைகிறது, நான் பார்த்துவிட்டேன், பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன், அதே நேரம் அவருடைய இடது கை என் வாயில் வந்து அறைந்தது, பல்லில் பட்டு உதடு கிழிந்தது, யாரு பிணை, என்று இரண்டாம் தடவை கேட்டான், ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், என் உள்ளங்கையில் அவர் மூச்சு, இடது பக்கம் காய்ந்து, வலது பக்கம் ஈரமாக, யாரு பிணை, என்று மூன்றாம் தடவை, அவன் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் கை ஓடாது, ஒரு காற்று வந்து மஞ்சள் இலைகள் கொஞ்சம் விழுந்தன, ஒருவரும் சொல்லவில்லை. முதல் வெட்டு விழுந்தது. இத்தனை வருசம் இரும்பு படாத மரம், உரித்த பழத்தோல் மாதிரி மணத்தது, என் கையில் மூச்சு இருக்கிறதா, இருக்கிறது, இரண்டாவது வெட்டு, இருக்கிறது, மரச்சிம்பு தெறித்து அவர் போர்வையில் விழுந்தது, கண்ணை இறுக்கிக்கொண்டார், மூச்சு நின்றது, நின்றதா, என் உள்ளங்கையே செத்துவிட்டதா, பிறகு நீளமாக ஒன்று வந்தது, சூடாக, மரம் சாய்கிற சத்தம் கேட்டபோது நான் அதைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சடையாண்டி கோடாலியை வீசிவிட்டு ஓடிவந்தான், அண்ணே, அண்ணே, என்று அவர் மார்பைத் தடவினான், பிறகு எங்களைப் பார்த்தான், என்ன ரெண்டு பேரும் வாயப் பொத்துன கொரங்குப் பொம்மை மாதிரி உக்காந்திருக்கீங்க, என்றான், அப்படியே மண்டியிட்டு அண்ணன் காலடியில் முகத்தை வைத்துத் தேம்பினான்.

வேர் வரைக்கும் தோண்டி எரித்தோம், அவன் தோட்டத்து மேலோர மரத்தையும் சேர்த்து, புகை அன்றைக்கு முழுக்கச் சரிவை விட்டுப் போகவில்லை, அவனுடைய மீதி மரங்கள் நின்றன, சில போயின, பெரும்பாலும் நின்றன, அந்தப் பெண்பிள்ளைகள் கரையேறினார்கள், ஊற்றடியில் இப்போது வேறு கன்று நிற்கிறது, அதற்கு யாரும் பிணை இல்லை, காய்க்கிறபோது காய்க்கட்டும் என்று விட்டிருக்கிறேன், அதன் இலையை நான் மடிப்பதில்லை, மடிக்கக் கை போகும், இழுத்துக்கொள்வேன். பயம் போய்விட்டதா என்று கேட்கிறீர்களா, கண்ணுகளா, பயம் எங்கே போகும், இடம் மாறிக்கொண்டது, இன்றைக்கும் விடிகிறபோது கண்ணைத் திறக்காமலே கையை நீட்டுகிறேன், பக்கத்துக் கட்டிலில் அவர் முகம் தட்டுப்படுகிறது, மூக்குத்தண்டு நடுவில், இந்தப் பக்கம் ஒரு உள்ளங்கை, அந்தப் பக்கம் ஒரு உள்ளங்கை, மெல்ல, இலையை மடிக்கிற மாதிரி, ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், ஒத்துப்போகவில்லை, ஒருநாளும் ஒத்துப்போனதில்லை, ஆனால் இந்தப் பக்கம் சூடு இருக்கிறது, அந்தப் பக்கமும் சூடு இருக்கிறது, கையைக் கொஞ்சம் இறக்கி வாயில் வைக்கிறேன், காத்திருக்கிறேன், உள்ளங்கைக்குக் கீழே உதடு கோணிக்கொண்டு அசைகிறது, கை…ய எடு புள்ள, மூச்சு முட்டுது, என்கிறார், அதைக் கேட்கும் வரைக்கும் நான் கண்ணைத் திறப்பதில்லை.